சலூன்காரரின் கைராசி

சலூன்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து தூங்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. போலீஸ்காரர் தூங்கியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறார். கோர்ட்டில் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவர், வீட்டில் மாத்திரை போட்டும் கண் அசராதவர், முடி வளர்ந்திருக்கிறதோ இல்லையோ, அடிக்கடி வந்து அந்த நாற்காலியில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் போவார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையில் தண்ணீரைப் பீய்ச்சி, நெற்றிப் பொட்டில் இரண்டு விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும், எப்பேர்ப்பட்ட ஆளும் சாய்ந்துவிடுவார். வேலை முடிந்ததும் சலூன்காரர் துணியை உருவி உதறுவார், பிடரியில் ஒட்டியிருக்கும் முடியை வாயால் ஊதுவார், தோளில் இரண்டு தட்டு தட்டுவார். தூங்கினவர் திடுக்கிட்டு விழித்து, கண்ணாடியில் தெரிவது யாரோ என்று பார்த்துவிட்டு, "உன் கையில என்னமோ இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் சலூன்காரருக்குத் தலைகால் புரியாது.

அப்பேர்ப்பட்ட கைக்குச் சொந்த மகள் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு எட்டு மாதம். உருண்டைத் தலை, உருண்டைக் கன்னம், எங்கே விட்டாலும் உருண்டு வேறெங்கோ போய்க் கிடப்பாள் என்பதால் பட்டாணி என்று பெயர் விழுந்துவிட்டது. பகலெல்லாம் சிரித்துக்கொண்டு கிடக்கிறவள், பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவாள். தோளில் போட்டு நடந்தால் தூங்குவாள். கீழே போட்டால் ஊரைக் கூட்டுவாள். சலூன்காரரும் தன் பங்குக்கு அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கும் அறைக்குமாக நடப்பார். அவள் தலை மெதுவாகத் தோளில் சாயும். ஆஹா, வேலை முடிந்தது என்று மனசுக்குள் குளிர்ந்துபோய்க் கட்டிலில் கிடத்துவார். கொஞ்ச நேரம்கூட ஆகாது, வீல் என்று ஒரு சத்தம்.

சரி, குழந்தை என்றால் அழத்தான் செய்யும் என்று விட்டுவிடலாம். யாரிடமும் தூங்காத குழந்தை என்றால் அதில் ஒரு நியாயமாவது இருக்கிறது. ஆனால் பட்டாணி ஓர் ஆளிடம் மட்டும் தூங்கினாள். அந்த ஆள் சலூன்காரரின் மைத்துனன். அங்கேதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவியின் தம்பி அவன். வேலை பார்த்துக்கொண்டிருந்த மரச்சாமான் கடையை மூடிவிட்டார்கள் என்று, வேறு வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்தவன். வேலையைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு இங்கே கிடைத்துவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது. உள் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க இடம் கிடைத்தது. வாட்டசாட்டமான ஆள், ஏறினால் மாடிப்படி முனகும். எதைக் கேட்டாலும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வான். கொட்டாவி என்று அவனுக்குப் பெயர் வைத்ததே சலூன்காரர்தான். குத்திக்காட்டத்தான் வைத்தார். அவனோ அதற்கும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, கூப்பிட்டால் 'என்ன மாமா' என்று வந்து நின்றான். அப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித்தான் சண்டை போடுவது?

அவன் குழந்தையைத் தூங்கவைக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. பாட்டுக் கிடையாது, ஆட்டுவது கிடையாது, தட்டிக்கொடுப்பது கிடையாது. கம்பி வைத்த சின்னக் கட்டிலில் அவளைப் போடுவான். பக்கத்தில் தரையில் மல்லாந்து படுப்பான். மேலே பார்த்து ஒரு கொட்டாவி. குழந்தை கம்பி இடுக்கு வழியாக அவனைப் பார்க்கும். இன்னொரு கொட்டாவி. குழந்தையும் தன் பொக்கை வாயைத் திறந்து ஒன்று விடும். அவ்வளவுதான் கதை. சில நாள் குழந்தைக்கு முன்னாடி இவன் தூங்கிவிடுவான். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாமல் ஒருத்தன் பேர் வாங்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இந்த எரிச்சல் பெரிதானது, பிரசவ லீவு முடிந்து மனைவி வேலைக்குத் திரும்புகிற நாள் நெருங்கியபோது. ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் கடைகளுக்குப் போகிற ரொட்டியை உறையில் போட்டு அடுக்குகிற வேலை. போனால் விடிந்துதான் திரும்புவாள். குழந்தை ராத்திரி ஒழுங்காகத் தூங்கினால்தான் அவளால் நிம்மதியாகப் போக முடியும். தடுப்பூசி போடப் போன இடத்தில், அங்கிருந்த நர்ஸிடம் தன் கவலையைச் சொல்லிக் கேட்டாள்.

"தூங்கறதும் ஒரு பழக்கம்தாம்மா, பழக்கிவிடணும்" என்றாள் நர்ஸ். "குளிப்பாட்டு, பால் குடு, விளக்கைக் குறை. கண்ணு சொருகும்போதே கட்டில்ல போட்டுடு, தோள்லயே தூங்கவைக்காதே. தினமும் இதே வரிசை. பழகற வரைக்கும் ஒரே ஆள் செய்யட்டும். ஆளுக்கு ஒரு நாள்னு கை மாத்தினீங்கன்னா குழந்தை குழம்பிடும்."

வீட்டுக்கு வந்து, சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே மனைவி இதையெல்லாம் ஒப்பித்தாள். கொட்டாவி ஒரு மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த ஒரு ஆளு யாருன்னு இப்பவே முடிவு பண்ணிடணும்" என்றாள். "நான் ராத்திரி இருக்கமாட்டேன். தம்பிதான் சரி."

அவள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யோசிக்கவே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஏன், நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா?" என்றார் சலூன்காரர்.

"நீங்க போட்டா எழுந்துடறாளேங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்பன்னு நான் ஒருத்தன் இருக்கேன். என் பொண்ணைத் தூங்கவைக்க உன் தம்பி வேணுமா? அப்ப இவன் காலம்பூரா இங்கயே இருக்கணுமா?"

"இருந்தா என்னங்க. அவன் பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கப்போறான்."

கொட்டாவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவன் காதில் விழாமல் இல்லை, கழுத்து வரைக்கும் சிவந்துபோயிருந்தான்.

"ஒரு வாரம் குடு" என்றார் சலூன்காரர். "நானே பழக்கறேன். முடியலைன்னா உன் தம்பியே வெச்சுக்கட்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, தோற்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ராத்திரி உள் அறை கொட்டாவியுடையது, குழந்தை அவனுடையது. தான் சலூனை மூடிவிட்டு வந்து, சத்தம் போடாமல் முன் அறையில் சுருண்டுகொள்ள வேண்டியதுதான். காலையில் குழந்தை கண்ணைத் திறந்தால் முதலில் பார்ப்பது அந்தத் தடியன் முகம். நினைத்தாலே அவருக்குக் காதில் புகை வந்தது.

மறுநாளிலிருந்து பொழுது சாய்வதற்கு முன்பே கடையை மூடினார். சலூனுக்குக் கூட்டம் வருகிற நேரமே அதுதான். வேலை முடிந்து வந்த ஆட்கள் இழுத்து மூடின ஷட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அவர் வீட்டில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டினார். அந்த அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காது மடலுக்குப் பின்னால், கழுத்து மடிப்புக்குள், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்தார். பாலைக் கொடுத்தார். ஜன்னலுக்குத் தெருவிளக்கு உள்ளே வராதபடி போர்வையைக் கட்டினார். கண் சொருகும்போது கட்டிலில் போட்டார். பொட்டில் விரல் நுனியால் பூப்போலத் தடவினார். கோர்ட்டு குமாஸ்தாவையே சாய்த்த விரல் அது. பட்டாணியும் சாய்ந்தாள். இமை மூடியது, மூச்சு சீரானது. சலூன்காரர் குனிந்து அவளைப் பார்த்தார். வேலை சுத்தம் என்று திருப்தியாக நிமிர்ந்தார். நிமிர்வதற்குள் வீல் என்று கத்தினாள்.

மறுபடி தடவல், மறுபடி தூக்கம், மறுபடி வீல். மூன்றாவது தடவையும் அதே கதை ஆனதும், அடுத்த அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். சத்தமாகக்கூட இல்லை.

"தம்பி, கொஞ்சம் பாரேன்."

கொட்டாவி வயிற்றைச் சொறிந்துகொண்டு வந்தான். தரையில் படுத்தான். மிச்சத்தைச் சொல்லவே வேண்டியதில்லை.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான். பகலில் கடையில் கத்திரி ஓடிக்கொண்டிருக்கும், மனசு வீட்டில் இருக்கும். அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். வாசனையாக இருக்குமோ என்று ஒருநாள் அவன் தேய்க்கிற சோப்பைத் தேய்த்துக் குளித்தார். ஒருநாள் கொடியில் கிடந்த அவன் பனியனை எடுத்து மாட்டிக்கொண்டார். அது அவருக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. அந்தக் கோலத்தில் தரையில் மல்லாந்து படுத்து, வாயைக் கோணிக்கொண்டு பொய்க் கொட்டாவி விட்டார். பட்டாணி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்தாள். இவர் என்ன செய்கிறார் என்று அவளுக்கே கவலை வந்திருக்க வேண்டும். உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். வாசலில் நின்று பார்த்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அவள் சிரித்தது அவருக்குத் தெரியும். அழாத குறையாகப் பனியனைக் கழற்றிக் கொடியில் எறிந்தார்.

வாரம் முடியப்போகிற நேரத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். கொட்டாவி குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தான். சலூன்காரர் உள்ளே போனார். பட்டாணி மூக்கு லேசாக விரிந்து சுருங்க, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். என்ன ஓர் அழகு. ஆனால் இந்தத் தூக்கம் தான் கொடுத்தது இல்லை, அவன் கொடுத்தது. அது மனசில் பட்டதுமே அவருக்கு அந்த அழகைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அலமாரி மேல் எவர்சில்வர் குவளை ஒன்று இருந்தது. அதை எடுத்தார். பிடியை விட்டார்.

குவளை தரையில் விழுந்து குதித்து, சுவர் வரைக்கும் உருண்டு போய் அடங்கியது. குழந்தை அலறிக்கொண்டு எழுந்தாள். அவர் பாய்ந்து தூக்கி, "ஒண்ணுமில்ல கண்ணு, அப்பா இருக்கேன், அப்பா இருக்கேன்" என்று மார்போடு அணைத்துக்கொண்டார். இதற்காகத்தான் காத்திருந்தார். அவளோ அவர் தோளுக்கு மேலே எட்டி, வாசலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். வாசலில் கொட்டாவி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் மனைவி.

"என்ன விழுந்துது?" என்றாள்.

"குவளை. கை தவறிடுச்சு."

மனைவி கீழே கிடந்த குவளையைப் பார்த்தாள். அப்புறம் அவர் கையைப் பார்த்தாள். எத்தனை பேர் கழுத்தில் கத்தி வைத்த கை அது. ஒரு கீறல் போட்டதாக இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை.

"உங்க கையா?" என்றாள்.

குழந்தையை வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, குவளையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

வெட்கப்பட்ட மனுஷன் அதோடு விட்டிருக்க வேண்டும். பொறாமை அப்படி விடுகிற சரக்கா? தூங்கவைக்கத்தான் முடியவில்லை, தூங்கவைக்கிறவனைக் கிளப்பிவிடலாம் இல்லையா. சரக்குக் கிடங்கு வைத்திருக்கிற முதலாளி ஒருவர் சலூனுக்கு வாடிக்கை. வேறு ஊரில் இருக்கிற தன் கிடங்குக்கு நம்பிக்கையான காவலாளி ஒருத்தன் வேண்டும், தங்க இடம் தருகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நுரையும் முகமுமாக அவர் சாய்ந்திருக்க, சலூன்காரரின் கத்தி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

"என் மச்சான் இருக்கான் முதலாளி. தங்கமான பையன். உடம்பைப் பார்த்தாலே திருடன் திரும்பிப் போயிடுவான்."

ராத்திரிக் காவல் வேலை. கொட்டாவிக்கு. இதைவிடப் பொருத்தமில்லாத வேலையை வலை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. சலூன்காரருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று வீட்டுக்குப் படி ஏறும்போது காலில் சக்கரம் கட்டின மாதிரி இருந்தது.

விஷயத்தைக் கேட்ட மனைவிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "இவனா? ராத்திரி முழுக்க முழிச்சிருப்பானா?" என்றாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு அவனைப் பிடிக்காதுன்னு நெனச்சேங்க. மனசுல தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். சலூன்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்கும் ஒரு வழி ஆகணும்ல. பட்டாணியை எப்படியாவது நான் பழக்கிடறேன்" என்றார். கொட்டாவி ஒரு கொட்டாவிகூட விடவில்லை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் கால் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான்.

புறப்படுகிற அன்று பஸ் நிலையத்துக்குச் சலூன்காரரே கூடப் போனார். பெட்டியைக்கூட அவரே தூக்கினார், அவ்வளவு அவசரம் அவருக்கு. பஸ் கிளம்ப நேரம் இருந்தது. இரண்டு பேரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்" என்றான் கொட்டாவி. "கோபப்படக் கூடாது."

"சொல்லு."

"பட்டாணி உங்ககிட்ட தூங்காம இல்ல மாமா. நல்லாத்தான் தூங்கறா. என்னைவிட சீக்கிரமாத் தூங்க வெச்சிடறீங்க. தூங்கினதும் நீங்கதான் எழுப்பி விட்டுடறீங்க."

"என்னடா உளர்றே?"

"பிடரியில ஊதறீங்க மாமா. ஊதிட்டுத் தோள்ல ரெண்டு தட்டு தட்டறீங்க. கடையில முடிஞ்சதும் தட்டுவீங்களே, அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும்."

சலூன்காரர் அவனை வெறித்துப் பார்த்தார். பொய் சொல்கிறான், போகிற போக்கில் கேலி பண்ணுகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் முகத்தில் கேலி இல்லை.

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"மொதல்லேருந்தே தெரியும்."

"அப்புறம் ஏண்டா சொல்லலை? நான் நாய் படாத பாடு பட்டேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

கொட்டாவி தன் பெரிய கைகளை முழங்கால் மேல் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு மாமா அந்த வீட்டுல?" என்றான். "வேலை இல்ல, ஒண்ணுமில்ல. சோத்துக்குத்தான் உக்காந்திருக்கேன்னு எனக்கே தெரியும். அவளைத் தூங்கவைக்கிறது ஒண்ணுதான் என்னால ஆன வேலை. அதையும் நீங்க செஞ்சுட்டீங்கன்னா?"

பஸ்ஸில் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். கொட்டாவி பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். சலூன்காரருக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று பட்டாணியைக் கட்டிலில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது, தன் கையையே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு சீரானது. அவர் வாய் குவிந்தது. கை தானாக எழுந்து அவள் தோளைப் பார்த்துப் போனது. அடப்பாவி என்று இடது கையால் அதை எட்டிப் பிடித்தார். இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, மூச்சுவிடப் பயந்து அப்படியே நின்றார். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். அவர் ஓசைப்படாமல் வெளியே வந்து மனைவியின் முன்னால் நின்று, விரலால் உள்ளே காட்டினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டார் மனுஷன். கடைக்குப் போய் ஒரு தலை விடாமல் சொன்னார். கோர்ட்டு குமாஸ்தாவுக்கு அதே கதையை மறுபடியும் சொல்ல ஆரம்பித்தபோது அவர் பாதியிலேயே தூங்கிப்போனார்.

மனைவி ராத்திரி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். குளியல், பால், குறைந்த விளக்கு, கட்டில் என்று நர்ஸ் சொன்ன வரிசை பிசகாமல் நடந்தது. பட்டாணி இப்போது அவருடையவள். படுக்கப் போட்டால் அவர் விரலைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடிக்காக அவர் காலையிலிருந்து காத்திருப்பார். கடை மூடுகிற நேரத்தில் யாராவது சவரத்துக்கு வந்து நின்றால், அவர்கள் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வரும்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒருநாள் கட்டிலில் போட்டதும் பட்டாணி அவர் விரலைத் தேடவில்லை. சுவர்ப் பக்கம் புரண்டாள், கட்டை விரலை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். பொட்டைத் தடவ அவர் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டாள். அழுகை இல்லை, அடம் இல்லை. மறுநாளும் அப்படியே. நர்ஸ் கேட்டால் இதைத்தான் நல்ல பழக்கம் என்பாள். ஊரே இதற்குத்தான் தவம் கிடக்கிறது. சலூன்காரருக்கோ பெற்ற மகள் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் கொட்டாவியைப் பார்த்து எரிந்தார், அதிலாவது ஒரு நியாயம் இருந்தது, அவன் ஆறடி ஆள். இப்போது அரை அங்குலம் இருக்கிற ஒரு கட்டை விரலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தார். ஒருநாள் மெதுவாகக் கனைத்துக்கூடப் பார்த்தார். அவள் காது அசைந்ததே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை இல்லாமல் அந்த அறையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, மனைவி வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மைத்துனன்தான். கிடங்கில் அவன் காவலுக்கு நிற்கத் தொடங்குகிற நேரம்.

"அக்கா போயிட்டாளா மாமா?"

"இப்பத்தான் போனா. வேலை எப்படிடா இருக்கு?"

"பரவாயில்ல. உக்காந்தா தூங்கிடுவேனோன்னு ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருக்கேன். பகல்ல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது மாமா. கண்ணைத் திறந்துகிட்டே கிடக்கேன்."

சலூன்காரர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்த வாய் அவருடையது.

"பட்டாணி தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

அந்தப் பக்கம் ஏதோ லாரி பின்னோக்கி வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னைத் தேடறாளா மாமா?"

சலூன்காரர் கட்டிலைப் பார்த்தார். குழந்தை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு எத்தனையோ நாள் பதில் தயார் பண்ணி வைத்திருந்தவர் அவர். நீ யாருன்னே அவளுக்கு ஞாபகம் இல்லடா என்று நறுக்கென்று சொல்ல வேண்டும் என்று நாக்கு ஊறிக் கிடந்த காலம் உண்டு. இன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

"தேடறா மச்சான்" என்றார். "கட்டில்ல போட்டதும் கம்பி வழியா கீழதான் எட்டிப் பார்க்கறா. நீ படுத்திருக்கியான்னு."

"அப்படியா" என்றான் அவன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், மரியாதைக்குக் கேட்கிறவன் மாதிரி, "உங்களை மாமா?" என்றான்.

"என்னையும் தேடறா" என்றார் சலூன்காரர், குழந்தை எழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு.